சில்வியா ஆஷ்டன்-வார்னர்

சில்வியா ஆஷ்டன்-வார்னர் (டிசம்பர் 17, 1908 – ஏப்ரல் 28, 1984) நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த ஆசிரியை, புதின எழுத்தாளர் மற்றும் கல்விச் சிந்தனையாளர் ஆவார். அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் குழந்தைகள் படித்த நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் இவர் பல ஆண்டுகள் பணியாற்றினார். ஒரு குழந்தை முதன்முதலாக வாசிக்கக் கற்கும் சொல், அக்குழந்தையின் சொந்த வீட்டிலிருந்தும் மனத்திலிருந்தும் வர வேண்டும் என்பது இவரது கொள்கையாகும். இதனை அடிப்படையாகக் கொண்டு இவர் உருவாக்கிய திறவுச்சொல் முறை, 1963 ஆம் ஆண்டில் வெளிவந்த 'டீச்சர்' (ஆசிரியை) என்னும் நூலின் வழியாகப் பல நாடுகளின் கவனத்தைப் பெற்றது. இவர் எழுதிய 'ஸ்பின்ஸ்டர்' (மணமாகாதவள்) என்னும் புதினமும் புகழ்பெற்றதாகும்.

பின்னணி

நியூசிலாந்தில் 1867 ஆம் ஆண்டு சுதேசப் பள்ளிகள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. மாவோரி மக்கள் வாழ்ந்த ஊர்களில் அரசின் உதவியுடன் பள்ளிகள் அமைக்க இச்சட்டம் வழிசெய்தது. இப்பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழியாக இருந்தது. தொடக்கத்தில், கீழ் வகுப்புகளில் ஆங்கிலத்தைப் புரியவைப்பதற்கு மட்டும் மாவோரி மொழியைப் பயன்படுத்த இடமளிக்கப்பட்டது. பிற்காலத்தில் அதுவும் குறைந்தது. பள்ளி வளாகத்தில் தாய்மொழி பேசியதற்காகக் குழந்தைகள் பிரம்படி பெற்ற நிகழ்வுகள் பல ஊர்களில் நடந்துள்ளன.

1930களில் இந்நிலையில் ஓரளவு மாற்றம் ஏற்பட்டது. மாவோரிப் பாடல், நடனம், மரச்செதுக்கு, நெசவு முதலிய கலைகளைப் பள்ளியில் கற்பிக்க அரசு ஊக்கமளித்தது. ஆனால் மொழிக்கு அவ்விடம் கிடைக்கவில்லை. 1930 இல் சுதேசப் பள்ளி மாணவர்களில் 96.6 விழுக்காட்டினர் வீட்டில் மாவோரி மொழி மட்டுமே பேசினர் என மதிப்பிடப்பட்டது. 1960 இல் மாவோரி மொழி பேசிய சிறுவர்களின் அளவு 26 விழுக்காடாகக் குறைந்திருந்தது. மாவோரிக் குடும்பங்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததும் இதற்கு ஒரு காரணமாகும். ஆஷ்டன்-வார்னர் ஆசிரியப் பணி செய்த காலம் இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்டதாகும்.

இளமைக்காலம்

சில்வியா, நியூசிலாந்தின் வடக்குத் தீவில் தரனாக்கிப் பகுதியிலுள்ள ஸ்ட்ராட்ஃபோர்டு என்னும் ஊரில் பிறந்தார். இயற்பெயர் சில்வியா கான்ஸ்டன்ஸ் வார்னர். தந்தை பிரான்சிஸ் ஆஷ்டன் வார்னர் இங்கிலாந்தில் பிறந்தவர். கடுமையான மூட்டுவாத நோயினால் அவர் வேலைக்குச் செல்ல இயலாதவரானார். தாய் மார்கரெட் மாக்ஸ்வெல், நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆசிரியையாகப் பணியாற்றிப் பெரிய குடும்பத்தைக் காப்பாற்றினார். தாயின் பணியிடம் மாறும்போதெல்லாம் குடும்பமும் ஊர் மாறியது. சில்வியா பல பள்ளிகளில் தம் தாயிடமே மாணவியாகப் படித்தார். பிற்காலத்தில் எழுத்தாளராகப் பெயர் பெற்றபோது, தந்தையின் பெயரிலிருந்த ஆஷ்டனையும் சேர்த்து ஆஷ்டன்-வார்னர் என அழைத்துக்கொண்டார்.

ஓவியராகவோ இசைக்கலைஞராகவோ ஆக வேண்டும் என்பதே இவரது விருப்பமாக இருந்தது. ஆசிரியப் பணியை இவர் விரும்பி ஏற்கவில்லை. எனினும் குடும்பச் சூழல் காரணமாக வெலிங்டனில் பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்து, பின்னர் 1928, 1929 ஆம் ஆண்டுகளில் ஆக்லாந்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தார். 1932 இல் உடன் ஆசிரியரான கீத் ஹென்டர்சனை மணந்தார். இவர்களுக்கு மூன்று குழந்தைகள் பிறந்தனர்.

மாவோரிப் பள்ளிகளில் பணி

1938 இல் கணவனும் மனைவியும் வடக்குத் தீவின் கிழக்குக் கடற்கரையிலுள்ள ஹொரொயேரா என்னும் ஊரின் பள்ளியில் பணியேற்றனர். போக்குவரத்து வசதி குறைந்த அவ்வூரில் தனிமையும் வேலைச்சுமையும் சில்வியாவை வாட்டின. 1939 இல் மனநலம் குன்றி, வெலிங்டனில் சிகிச்சை பெற்றார். மனத்தில் அடக்கி வைக்கப்படும் அச்சமும் ஆசையும் வெளிவர வழியில்லாதபோது மனிதனைச் சிதைக்கும் என்பதை இவர் இக்காலத்தில் தம் அனுபவமாகவே உணர்ந்தார். சிகிச்சையின்போது அறிந்த உளவியல் கருத்துகள் பின்னர் இவரது கற்பித்தல் முறைக்கு அடித்தளமாயின.

1941 இல் வாங்கனூயி ஆற்றங்கரையிலுள்ள பிப்பிரிக்கிக்கு இக்குடும்பம் சென்றது. அங்கு பள்ளி வேலை போக எஞ்சிய நேரத்தில், தனிக்குடிசை ஒன்றில் அமர்ந்து எழுதுவதையும் வரைவதையும் சில்வியா வழக்கமாக்கிக்கொண்டார். அக்குடிசைக்குச் 'சேலா' எனப் பெயரிட்டார். இக்கால நாட்குறிப்பே 1967 இல் 'மைசெல்ஃப்' என்னும் நூலாக வெளிவந்தது. 1945 இல் வையோமத்தத்தினிக்கு மாறினர். மாவோரித் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருமான அபிரானா ங்காட்டாவின் ஊர் இதுவாகும். 1949 இல் ஹாக்ஸ் பே பகுதியிலுள்ள ஃபெர்ன்ஹில் பள்ளிக்கு வந்தனர். கீத் தலைமை ஆசிரியராகவும் சில்வியா குழந்தைகள் வகுப்பு ஆசிரியையாகவும் பணியாற்றினர். திறவுச்சொல் முறை முழு வடிவம் பெற்றது இங்கேதான்.

சிக்கல்

1950களில் நியூசிலாந்துப் பள்ளிகளில் 'ஜேனட் அண்ட் ஜான்' என்னும் வாசிப்பு நூல் வரிசை பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. நேர்த்தியான வீடு, தோட்டம், அமைதியான தாய் தந்தையர், பொம்மைகளுடன் விளையாடும் இரு வெள்ளையினக் குழந்தைகள் ஆகியவை இவ்வரிசையின் உலகமாகும். வாருங்கள், பாருங்கள் என்பன போன்ற எளிய சொற்கள் பக்கந்தோறும் திரும்பத் திரும்ப வரும்.

சில்வியாவின் வகுப்பிலிருந்த மாவோரிக் குழந்தைகளின் வாழ்க்கை வேறாக இருந்தது. பெரிய கூட்டுக் குடும்பம், உறவினர் நிறைந்த வீடு, இறப்பு வீட்டில் பல நாள் கூடியிருக்கும் வழக்கம், பேய் பற்றிய கதைகள், பாட்டு, நடனம், சண்டை, அன்பு ஆகியவை அவர்கள் அறிந்தவை. இக்குழந்தைகள் வாசிக்கத் திணறியபோது, பலரும் அதனை அவர்களின் அறிவுக்குறையாகக் கருதினர். சில்வியா அவ்வாறு கருதவில்லை. புத்தகத்தில் தம் வீடு இல்லாத குழந்தைக்கு வாசிப்பு என்பது வேறொருவரின் வீட்டுக்குள் நுழைவதாகவே இருக்கும் என்பது இவரது முடிவு. முதல் புத்தகத்திலேயே அந்நியத்தன்மையை உணரும் குழந்தை வாசிப்பை வாழ்நாள் முழுவதும் வெறுக்கக்கூடும் எனவும் இவர் அஞ்சினார்.

திறவுச்சொல் முறை

இம்முறையில் பாடநூல் முதலில் வருவதில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் ஆசிரியை ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே அழைத்து, அன்று என்ன சொல் வேண்டும் எனக் கேட்பார். குழந்தை கூறும் சொல்லைக் கெட்டியான அட்டையில் பெரிய எழுத்தில், குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதுவார். குழந்தை அதன்மேல் விரலை ஓட்டி, உரக்கச் சொல்லி, அட்டையைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளும்.

மறுநாள் காலையில் எல்லாக் குழந்தைகளின் அட்டைகளும் தரையில் விரித்த பாயில் கலந்து கொட்டப்படும். குழந்தைகள் தத்தம் அட்டைகளைத் தேடி எடுத்து, ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவர். ஒரு குழந்தை தன் சொல்லை அடையாளம் காணாவிட்டால் அந்த அட்டை அகற்றப்படும். குழந்தை கண்டிக்கப்படுவதில்லை. அச்சொல் அக்குழந்தைக்கு முக்கியமானதன்று என்பதே அதன் பொருளாகக் கொள்ளப்பட்டது. மனத்தில் ஆழமாகப் பதிந்துள்ள சொல் ஒருமுறை பார்த்தவுடனே நினைவில் நிற்கும் என்பது இம்முறையின் மையக் கருத்தாகும்.

குழந்தைகள் கேட்ட சொற்களை இவர் உற்றுநோக்கி வகைப்படுத்தினார். அம்மா, அப்பா, வீடு போன்ற சொற்களும், விமானம், டிராக்டர் போன்ற சொற்களும் பலரால் கேட்கப்பட்டன. பேய், காட்டுப்பன்றி, காவலர் முதலிய அச்சம் தரும் சொற்களும், முத்தம், அன்பு முதலிய பாசம் சார்ந்த சொற்களும் மிக விரைவில் கற்கப்பட்டன. வாசிப்பு நூலின் மூன்று எளிய சொற்களைக் கற்க நான்கு மாதங்கள் எடுத்துக்கொண்ட மாவோரிச் சிறுவன் ஒருவன், கசாப்புக் கத்தி, சிறைச்சாலை, காவலர், முத்தம், ஹாக்கா என்னும் மாவோரி நடனம் முதலிய தன் சொற்களைச் சில நிமிடங்களில் கற்றுக்கொண்டதாக இவர் பதிவு செய்துள்ளார். ஆங்கில எழுத்துகளின் எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் இவற்றுள் சில கடினமான சொற்களே. அச்சிறுவனுக்கோ அவை எளியவையாக இருந்தன.

ஏறத்தாழ நாற்பது சொற்கள் சேர்ந்தபின் குழந்தை எழுதத் தொடங்கும். தன் வீட்டில் நேற்று நடந்ததைத் தானே ஓரிரு வாக்கியங்களாக எழுதும். தந்தை குடித்துவிட்டு வந்தது, பாட்டி இறந்தது, தம்பி அழுதது என எதுவாயினும் ஆசிரியை அதன் உள்ளடக்கத்தைத் திருத்துவதோ, நல்லது கெட்டது என மதிப்பிடுவதோ இல்லை. குழந்தைகள் எழுதியதே மற்றக் குழந்தைகளுக்கு அன்றைய வாசிப்புப் பாடமாயிற்று.

இவற்றுடன் களிமண், வண்ணம், மணல், நீர், நடனம், பியானோ இசை ஆகியவையும் வகுப்பில் இடம்பெற்றன. குழந்தையின் மனத்தை இரண்டு வாய்களைக் கொண்ட எரிமலையாக இவர் உருவகித்தார். ஒரு வாய் படைப்பாற்றல், மற்றொன்று அழிக்கும் ஆற்றல். படைக்கும் வாய் அகலமாகும்போது அழிக்கும் வாய் சுருங்கிவிடும் என்பது இவரது நம்பிக்கை. உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் உருவான இக்கருத்தில், போரின் வேரை வகுப்பறையிலேயே தடுக்க முடியும் என்னும் எண்ணமும் இருந்தது.

மாவோரி வாசிப்பு நூல்கள்

குழந்தையின் சொந்தச் சொற்களிலிருந்து அச்சிட்ட பாடநூலுக்குச் செல்ல இடையில் ஒரு படி தேவை என சில்வியா கருதினார். இதற்காக மாவோரி வீட்டு வாழ்க்கையைக் கதைக்களமாகக் கொண்ட வாசிப்பு நூல்களைத் தாமே எழுதி, கையால் படம் வரைந்து உருவாக்கினார். அவற்றில் இஹாக்கா என்னும் மாவோரிச் சிறுவன் முக்கியப் பாத்திரமாக வருகிறான். குழந்தைகள் அழுதனர், சண்டையிட்டனர், கட்டித்தழுவினர். அவர்களின் பேச்சு நடையும் அவ்வாறே எழுதப்பட்டது. இந்நூல்களைக் கல்வித்துறையின் மூலம் பதிப்பிக்க இவர் முயன்றும் அவை பள்ளிகளுக்கான பாடநூல்களாக அச்சேறவில்லை. இவ்வேமாற்றம் இறுதிவரை இவரை விட்டு நீங்கவில்லை.

திறவுச்சொற்களின் பட்டியலை அச்சிட்டு எல்லாப் பள்ளிகளுக்கும் வழங்கலாம் என்னும் எண்ணத்தை இவர் ஏற்கவில்லை. ஒரு குழந்தையின் சொல் மற்றொரு குழந்தைக்குத் திறவுகோல் ஆகாது. எனவே ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்புக் குழந்தைகளிடம் நாள்தோறும் கேட்டே பெற வேண்டும் என்பது இம்முறையின் இன்றியமையாத கூறாகும்.

எழுத்துப்பணியும் புகழும்

1950களின் நடுவில், நியூசிலாந்து ஆசிரியர் அமைப்பின் இதழான 'நேஷனல் எஜுகேஷன்' இவரது கற்பித்தல் முறை பற்றிய கட்டுரைகளை வெளியிட்டது. 1957 இல் கீத், தௌரங்கா நகருக்கு அருகிலுள்ள பெத்லகேம் என்னும் ஊரின் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக மாற்றப்பட்டார். 1958 இல் 'ஸ்பின்ஸ்டர்' புதினம் லண்டனில் வெளியானது. மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் தனிமையான ஆசிரியை ஒருத்தியின் கதையான இது, பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஷெர்லி மெக்லேன் நடிப்பில் 1961 இல் 'டூ லவ்ஸ்' என்னும் பெயரில் திரைப்படமாகவும் வந்தது.

'டீச்சர்' நூல் 1963 இல் நியூயார்க்கில் வெளிவந்தது. கலைத் திறனாய்வாளர் ஹெர்பர்ட் ரீட் இதற்கு முன்னுரை எழுதினார். அதே 1963 இல், பிரேசில் நாட்டின் அங்கிக்கோஸ் நகரில் பாவுலோ ஃபிரெய்ரே, தொழிலாளர்களின் அன்றாட வாழ்விலிருந்து எடுத்த சொற்களைக் கொண்டு முதியோருக்கு எழுத்தறிவு அளித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பிற்கால வாழ்க்கை

1969 இல் கீத் காலமானார். அதன்பின் சில்வியா வெளிநாடுகளுக்குச் சென்றார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள ஆஸ்பென் நகரில், பெற்றோர் சேர்ந்து நடத்திய பள்ளி ஒன்றில் தம் முறையைச் செயல்படுத்த முயன்றார். அங்கு எதிர்பார்த்த வெற்றி கிடைக்கவில்லை. அக்குழந்தைகளிடம் ஆழ்மனச் சொற்களை வெளிக்கொணர்வது கடினமாக இருந்ததாக உணர்ந்த அவர், தொலைக்காட்சியும் வசதியும் அவர்களின் கற்பனையை மங்கச் செய்துவிட்டதாகக் கருதினார். இவ்வனுபவம் 1972 இல் 'ஸ்பியர்பாயின்ட்' என்னும் நூலாயிற்று. பின்னர் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

நாடு திரும்பியபின் தௌரங்காவில் வாழ்ந்தார். 1979 இல் வெளிவந்த 'ஐ பாஸ்டு திஸ் வே' என்னும் தன்வரலாறு, 1980 இல் நியூசிலாந்து நூல் விருதைப் பெற்றது. 1982 இல் பிரித்தானியப் பேரரசின் எம்.பி.இ. விருது வழங்கப்பட்டது. 1984 ஏப்ரல் 28 அன்று தௌரங்காவில் காலமானார். இவரது வாழ்க்கையை அடிப்படையாகக் கொண்டு மைக்கேல் ஃபர்த் இயக்கிய 'சில்வியா' திரைப்படம் 1985 இல் வெளியானது.

விமர்சனங்கள்

தம் சொந்த நாட்டுக் கல்வித்துறை தம்மைப் புறக்கணித்ததாக ஆஷ்டன்-வார்னர் தொடர்ந்து எழுதிவந்தார். இதனை அனைவரும் ஏற்பதில்லை. லின்லி ஹூட் 1988 இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, இவர் கூறிய பல செய்திகள் மிகைப்படுத்தப்பட்டவை எனக் காட்டியது. கிளாரன்ஸ் பீபி இயக்குநராக இருந்த 1940, 1950களில் கல்வித்துறை புதிய முயற்சிகளுக்கு இடமளித்தே வந்தது. இதே காலத்தில் எல்வின் ரிச்சர்ட்சன், ஒருவைட்டி என்னும் சிற்றூர்ப் பள்ளியில் கலையை மையமாகக் கொண்ட கல்வியை வெற்றிகரமாக நடத்தினார்.

மாவோரி மக்களை உணர்ச்சி வேகம் மிகுந்தவர்களாகவும் இயற்கையோடு ஒன்றியவர்களாகவும் மட்டுமே இவர் சித்திரித்தார் என்பது மற்றொரு விமர்சனம். ஒரு பண்பாட்டை மதிப்பதற்கும் அதனைப் பற்றி வெளியார் கொண்ட கற்பனையை மதிப்பதற்கும் வேறுபாடு உண்டு என விமர்சகர்கள் சுட்டுகின்றனர்.

மொழி பற்றிய விமர்சனம் இவை எல்லாவற்றிலும் முக்கியமானதாகும். இவரது வகுப்பில் குழந்தையின் வீடும், அச்சமும், அன்பும் இடம்பெற்றன. ஆனால் அவை பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களாகவே அட்டையில் எழுதப்பட்டன. ஹாக்கா போன்ற சில மாவோரிச் சொற்கள் குழந்தைகளின் வாயிலாக வந்தபோது ஏற்கப்பட்டன. மாவோரி மொழியிலேயே வாசிக்கவும் எழுதவும் கற்பிப்பது இவரது திட்டத்தில் இல்லை. மாவோரி ஊரிலிருந்து ஐரோப்பிய உலகுக்குக் குழந்தை கடந்து செல்வதற்கான பாலமாகவே இவர் தம் முறையை விளக்கினார். பாலம் என்பது கடந்து செல்வதற்கானது. கடந்தபின் மறுகரையில் தாய்மொழிக்கு என்ன இடம் என்னும் கேள்விக்கு இவரது நூல்களில் விடை இல்லை.

அக்கேள்விக்கான விடையை மாவோரி மக்களே தேடிக்கொண்டனர். 1972 இல் பள்ளிகளில் மாவோரி மொழியைக் கற்பிக்கக் கோரி 30,000 க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்திடம் அளிக்கப்பட்டது. 1982 இல், மாவோரி மொழி மட்டுமே பேசப்படும் கொஹங்கா ரேயோ என்னும் மழலையர் பள்ளி முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. மொழிக்கூடு என்பது இப்பெயரின் பொருள். பேரக்குழந்தைகளுக்குப் பாட்டன் பாட்டிமார் மொழியைக் கற்பித்தனர். 1985 இல் மாவோரிப் பயிற்றுமொழித் தொடக்கப் பள்ளியும் தோன்றியது. 1987 இல் மாவோரி நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

தாக்கம்

குழந்தையின் பேச்சையே முதல் வாசிப்புப் பாடமாக்கும் மொழி அனுபவ அணுகுமுறையைப் பின்பற்றிய ஆசிரியர்கள் ஆஷ்டன்-வார்னரின் நூல்களை விரும்பிப் படித்தனர். சிறுபான்மை மொழி பேசும் குழந்தைகளுக்குக் கற்பிப்போரிடையே 'டீச்சர்' இன்றும் படிக்கப்படுகிறது. இவரது முறையின் குறை மொழியைப் பற்றியது. அதன் வலிமை கேள்வியைப் பற்றியது. வாசிக்கத் திணறும் குழந்தையிடம் என்ன குறை என ஆராய்வதற்கு முன், அக்குழந்தைக்குரிய சொல் எது என அதனிடமே கேட்க வேண்டும் என்பதை நடைமுறையில் செய்துகாட்டியவர் என்ற வகையில் கல்வி வரலாற்றில் இவருக்குத் தனியிடம் உண்டு.

முக்கிய நூல்கள்

ஸ்பின்ஸ்டர் (1958) – புதினம்
இன்சென்ஸ் டு ஐடல்ஸ் (1960) – புதினம்
டீச்சர் (1963) – கல்வி
பெல் கால் (1964) – புதினம்
கிரீன்ஸ்டோன் (1966) – புதினம்
மைசெல்ஃப் (1967) – நாட்குறிப்பு
த்ரீ (1970) – புதினம்
ஸ்பியர்பாயின்ட் (1972) – கல்வி
ஐ பாஸ்டு திஸ் வே (1979) – தன்வரலாறு